அந்தோணியாருக்குள் இருந்தவர்

சேலத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் பங்குக் கோயிலுக்குச் செம்பில் அந்தோணியார் செய்தார்கள். பனைமர உயரம். இடுப்பு வரைக்கும் பீடத்தில் நிறுத்தியாகிவிட்டது. மேல்பாதியைக் கிரேன் தூக்கி அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். சிலைக்கு உள்ளே வெறும் கூடுதான். அதற்குள் ஏணி போட்டு ஏறி, போல்ட் துளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் இறங்கி, பீடத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே வந்த பிறகுதான் மேல்பாதியை இறக்குவது என்று பேச்சு.

கிரேன் ஓட்டுநர் நாமக்கல் பக்கத்துக்காரர். அவருக்குப் பெரியவர், சின்னவர் எல்லாரும் சாமிதான். காலையிலிருந்து என் வீட்டுக்காரரை, "சாமி, ஸ்பேனரை எடுங்க, சாமி, தள்ளி நில்லுங்க" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கோ சாமி என்றால் பங்குச் சாமியார். அவர் சாரத்தில் ஏறித் தீர்த்தம் தெளித்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார்.

"சாமி எறங்கியாச்சுங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"எறங்கியாச்சுங்க!" என்றார், கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்த எங்கள் கோயில் உபதேசியார்.

மேல்பாதி இறங்க ஆரம்பித்தது. நான் அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வெளியே வரவில்லை. உள்ளே சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்த நேரத்திலும் நாக்கு எழவில்லை; ஓட்டுநர் கூப்பிட்ட மாதிரிதான் வாயில் வந்தது. "நிறுத்துங்க, சாமி உள்ளார இருக்குது!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். கொண்டை அவிழ்ந்துவிட்டது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்காளுக்குச் சாமி வந்திருச்சு, தண்ணி கொண்டாங்க!"

ஒருத்தி முகத்தில் தண்ணீரை அடித்தே விட்டாள். அவளை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. "உள்ளார இருக்கான்டா! நிறுத்துடா!"

உபதேசியார் இரண்டு கையையும் தூக்கினார். கிரேன் நின்றது. மேல்பாதி அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சின்னக் கதவு வழியாக என் வீட்டுக்காரர் குனிந்து வெளியே வந்தார். முதலில் விரல்களைத்தான் பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஓட்டுநர் கேபினிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, நீயா என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்ட?"

"ஆமா. இனியும் கூப்பிடுவேன். கூப்பிட்டா ஒடனே வெளிய வரோணும்" என்று சொல்லி, ஊரே பார்க்க அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.