நிழல் விழாத கிரகம்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், நான் ஒரு விஞ்ஞானக் கதை எழுதினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் மாட்டேன்.

எல்லாம் ஒரு கலண்டரால் வந்தது. என் கணவர் இஞ்சினியராக வேலை செய்த இடத்துக்கு இயந்திரம் விற்க வந்த யப்பான்காரர் கொடுத்துவிட்டுப் போனது. மாதத்துக்கு ஒரு படம். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி எடுத்த பழங்காலத்துப் படங்கள் என்று என் கணவர் விளங்கப்படுத்தினார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினேன். சோறு வேகும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வளைந்த பாலம், நூல் நூலாக மழை, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடும் ஆட்கள். கனநாள் பார்த்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. ஒரு படத்திலும் ஒருவருக்கும் நிழல் இல்லை. பாலத்துக்கு இல்லை, மரத்துக்கு இல்லை, வெளியில் நிற்கிற குதிரைக்கும் இல்லை.

இது நம் பூமியாக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகள் மிச்சம் விட்ட கொப்பியில் எழுதத் தொடங்கினேன். நிழல் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு கிரகம். அங்கே பாலம் கட்டும் ஒரு பெண். பூமியிலிருந்து ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. அதன் பெரிய விளக்கை ஏற்றியதும் அவள் காலடியில் கறுப்பாக ஏதோ விழுகிறது. ஊர் பயந்து ஓடுகிறது. அவள் மட்டும் குனிந்து அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

அப்போது மெல்பேர்னில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. ஒரேயொரு பிரதி, வீடு வீடாகக் காரில் போகும். அதன் ஆசிரியர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். எல்லோருக்கும் மாஸ்டர். என் கணவர் எனக்குச் சொல்லாமல் என் கொப்பியை அவரிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டரும் மனைவியும் வந்தார்கள். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றேன்.

"தங்கச்சி, கதை வலு சோக்கு," என்றார் மாஸ்டர். "ஆனா நிழல் இல்லாத சனம் எண்டால் பேய் எல்லோ? பேய்க்கதை எண்டு தலைப்புப் போட்டு, சின்னப்பிள்ளையளின்ர பக்கத்தில விடுறன்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. பேய்க்கதை என்று போட்டால், அந்தப் பெண் கட்டிய பாலம், வந்த கப்பல் எல்லாம் வெறும் பூச்சாண்டியாகிவிடும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தேன்.

"ரெண்டு சூரியன் வைப்பம் மாஸ்டர்," என்றார் இவர்.

"ரெண்டு சூரியன் எண்டால் ரெண்டு நிழல் விழும், இஞ்சினியர்! வெளிச்சம் இருந்தால் நிழல் இருக்கோணும். அதுதான் விஞ்ஞானம்."

குசினிக்குள் திரும்பிப் போனேன். கண்ணைத் துடைத்துவிட்டு யன்னலால் பார்த்தால், பின்வளவுக் கொடியில் காலையில் போட்ட சேலை ஆடுகிறது. வானம் முழுக்க சாம்பல் நிற முகில். நல்ல வெளிச்சம். புல்லில் சேலையின் நிழல் இல்லை.

மாஸ்டரின் மனைவியை மெல்லக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ ஒரு நிமிடம் பார்த்தா. பிறகு சத்தம் போட்டா. "இஞ்சேருங்கோ, வெளியில வந்து நில்லுங்கோ!"

மாஸ்டர் புல்லில் நின்று கையைத் தூக்கினார். காலைத் தூக்கினார். சுற்றிவந்து தன் பின்னாலும் பார்த்தார்.

"மாஸ்டர் பேயாப் போனார்," என்றார் இவர்.

"முப்பது வருசமா நான் சொல்லுறன், ஒருத்தரும் கேக்கேல்ல," என்றா மனைவி.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "வானம் முழுக்க ஒரே விளக்கு," என்று மெதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்து, "அந்தக் கிரகத்தில முகில் ஒருநாளும் கலையாதோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம், கலையாது," என்றேன். அதுவரை எனக்கும் அது தெரியாது.

உள்ளே வந்து பேனையை எடுத்து, கொப்பியின் மேல் 'விஞ்ஞானக் கதை' என்று தன் கையாலேயே எழுதினார். என் பெயரைப் போடட்டோ என்று கேட்டார். முதலெழுத்து மட்டும் போதும் என்றேன். அவர் முழுப்பெயரையும் எழுதினார். நான் தடுக்கவில்லை.