மார்சியா வீட்டுப் புயல்

இன்று மாலை கொல்கத்தாவின் கரியாஹாட்டில் தோசை சாப்பிடப் போனோம். நியூ டவுனில் எங்கள் பக்கத்து ஃப்ளாட் மார்சியாவும் அவள் மகள் ஸோயியும் கூட வந்தார்கள். கறுப்பினக் குடும்பம். பூர்வீகம் ஜமைக்கா, மார்சியா வளர்ந்தது லண்டன்.

தோசை வருவதற்குள் லண்டனிலிருந்து மார்சியாவின் அப்பா வீடியோ காலில் வந்துவிட்டார். ஸோயி கேட்டதும், தன் தந்தை ஜமைக்காவிலிருந்து கப்பலேறிய கதையை ஆரம்பித்தார். நடுக்கடலில் பெரும் புயல். கேப்டனே அழுதுவிட, இவருடைய தந்தைதான் கப்பலைக் கரை சேர்த்தாராம்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்: "புயலா? வழியெல்லாம் தூங்கிட்டு வந்ததா உங்கப்பாவே என்கிட்ட சொன்னாரே!"

கால் முடிந்ததும் மார்சியாவிடம், "எதுதான் நிஜம்?" என்றேன்.

"நானும் ஒரு தடவை கேட்டேன். அப்பா கோவிச்சுக்கிட்டு ஒரு வருஷம் அந்தக் கதையையே சொல்லலை. எங்க ஊர் பேரு, தாத்தா பாடின பாட்டு எல்லாம் அந்தக் கதைக்குள்ளதான் இருக்கு. இப்ப நான் புயலைத் தொடறதே இல்லை."

உடனே என் மகள் கேட்டாள்: "பாபா, நம்ம கொள்ளுத்தாத்தா ஏன் கொல்கத்தா வந்தார்?"

பேங்க் வேலை கிடைத்தது, ரயிலேறி வந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஸோயியும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"திருநெல்வேலிலேர்ந்து ரயில்ல வந்தார். ஒடிசா காட்டுல வண்டி நின்னப்போ, பெட்டிக்குள்ள ஒரு சிறுத்தை ஏறிடுச்சு..."

என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

பிள்ளைகள் இருவரும், "அப்புறம்?" என்றார்கள்.

அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், தூங்கப் போகுமுன் மீதிக் கதை வேண்டுமாம்.