அரக்குச் சாயம் பட்ட ஓட்டுகள்

போன தேர்தலில் எனக்கு மை வைத்த பெண்ணுக்குக் கை நடுங்கியது. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை போலிருந்தது. நகத்தோரம் சின்னதாக இழுக்க வேண்டிய கோடு வழிந்து பாதி விரல் வரை இறங்கிவிட்டது. "சாரி மேடம்" என்றாள். "பரவாயில்லைமா, எனக்கும் கறைக்கும் பழைய பழக்கம்" என்றேன். வெளியே இளவட்டங்கள் எல்லாம் விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் விரலை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டு நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது.

அந்த மையில் கொஞ்சம் மருந்துக்கடை வாசனையும் கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு வாசனையும் இருக்கும். எனக்கு அது காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறைகள் இருந்த ஒரு தெருவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. சாயத்தின் வாசனை வேறு, மையின் வாசனை வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் மூக்கு சாட்சியச் சட்டம் படித்ததில்லை. அது எதை வேண்டுமானாலும் எதோடும் சேர்த்துக்கொள்ளும்.

தேர்தல் வழக்குகளில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. பின்னாளில் சென்னைக்குப் போய் அரசியல் சட்டம், வாக்குரிமை என்று பெரிய வார்த்தைகளோடெல்லாம் பழகினேன். பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்காகவும், வேட்புமனு தள்ளுபடியானவர்களுக்காகவும் தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். ஆனால் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் காலைப் பேருந்துதான். மாவட்ட நீதிமன்றம் அங்கே இருந்தது. எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சைக்கிளில் வந்து, அதைத் தெரிந்தவர் கடையில் நிறுத்திவிட்டு அந்தப் பேருந்தைப் பிடிப்பேன். கறுப்புக் கோட்டை ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் கோட்டுப் போட்ட முதல் ஆள் நான். அதைத் தைத்த தையல்காரரும் அதற்கு முன் பெண்களுக்குக் கோட்டுத் தைத்தது கிடையாது. இரண்டு பேரின் முதல் முயற்சியும் தோளில் தெரியும்.

அதே பேருந்தில் ரங்கநாதன் சாரும் வருவார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த வக்கீல். நான் சொல்லப்போகும் வழக்கில் எதிர்த்தரப்பு. முதல் நாள் அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன். எதிரி வக்கீலோடு உட்காரலாமா கூடாதா என்று சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. வாலாஜாபாத் தாண்டியதும் அவரே கூப்பிட்டார். "உக்காரும்மா. கோர்ட்டுல நிக்கத்தானே போறோம்." அன்றிலிருந்து அவர் வீட்டு மிளகு இட்லியில் எனக்கு ஒரு பங்கு உண்டு. போகும்போது இட்லி, அங்கே போய்ச் சண்டை, திரும்பும்போது வேர்க்கடலை. இப்படி ஒரு வழக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது.

வழக்கு கஸ்தூரி அம்மாவுடையது. நகராட்சி வார்டுகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அது, தொண்ணூறுகளின் நடுவில். பட்டு நூலுக்குச் சாயம் போடும் குடும்பம் அவருடையது. வீட்டு வாசலிலேயே சாயத்தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை கட்டித் தரச் சொல்லி அலைந்து அலுத்துப்போய், நானே கவுன்சிலராகிக் கட்டிக்கொள்கிறேன் என்று சுயேச்சையாக நின்றார். பூட்டுச் சின்னம். எதிரே நின்றது பெரிய மளிகைக்கடைக்காரரின் மனைவி.

ஓட்டுப்பதிவு அன்று ஊரெல்லாம் கல்யாண அவசரம். முகூர்த்தம் நெருங்கியதால் எல்லாப் பட்டறைகளிலும் அரக்கு நிறம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் யாரும் அண்டாவை விட்டு நகரவில்லை, நூல் சாயத்தில் இருக்கும்போது விட்டுப் போனால் திட்டுத்திட்டாகிவிடும். வாக்குச்சாவடி மூடும் நேரம் வந்துவிட்டது. கஸ்தூரி அம்மா தெருவில் இறங்கிக் கத்தியிருக்கிறார். "கைய அப்புறம் கழுவிக்கலாம், அப்படியே வாங்கப்பா." தெருவே அப்படியே போனது. ஈரம் காயாத கையால் சீட்டை அமுக்கிப் பிடித்து முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு அண்டாவுக்குத் திரும்பியது.

எண்ணும்போது முப்பது நாற்பது சீட்டுகளில் அரக்கு நிறத்தில் விரல்கள் பதிந்திருந்தன. வாக்காளரை அடையாளம் காட்டும் குறி எதுவும் சீட்டில் இருந்தால் அது செல்லாது என்பது விதி. எதிர்த்தரப்பு முகவர் ஆட்சேபித்தார், தேர்தல் அதிகாரி அத்தனையையும் தள்ளிவிட்டார். கஸ்தூரி அம்மா தோற்றது ஒன்பது ஓட்டில். தான் கத்தியதாலேயே தோற்றோம் என்பதை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. "என் வாயாலயே கெட்டேன் வக்கீலம்மா" என்று என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அந்த அறையில் அன்றைக்கு இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு காலண்டர். கட்சிக்காரர் என்று அதுவரை வந்தவர்கள் எல்லாம் வாடகை பாக்கிக்காரர்கள்தான். எனக்குத் தேர்தல் வழக்கு போடத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் ஓடிப்போய்ப் புத்தகம் இரவல் வாங்கினேன்.

கஸ்தூரி அம்மாவுக்கு இன்னொரு குடைச்சலும் இருந்தது. அவருடைய கணவர் ஏகாம்பரம். அந்த மளிகைக்கடைக்காரரும் இவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். சாயங்காலம் ஆனால் இவர் அந்தக் கடை வாசலில்தான் இருப்பார். இவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதைக் கடைசிவரை சொல்லவே இல்லை. ஆரம்பத்தில் எல்லா வாய்தாவுக்கும் கணவன் மனைவி இருவரும் எங்களோடு அதே பேருந்தில் வருவார்கள். வழியெல்லாம் இதே பஞ்சாயத்துதான்.

"கேளுங்கமா இவர, யாருக்குப் போட்டாருன்னு" என்பார் அம்மா.

"கவர்மெண்டே ரகசியம்னு சொல்லுது. நான் சொல்லிட்டா புடிச்சு உள்ள வெச்சிடுவாங்க" என்பார் அவர், வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே. இடது கட்டைவிரல் அவருக்குப் பாதிதான். சின்ன வயதில் ஏதோ இயந்திரத்தில் போனது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர் கடலை உடைக்கிற வேகம் எங்கள் யாருக்கும் வராது. ரங்கநாதன் சார் தன் பங்கையும் அவரிடமே கொடுத்து உடைத்து வாங்கிக்கொள்வார்.

"நீங்க இவரக் கூண்டுல ஏத்திக் கேளுங்கமா" என்று ஒரு நாள் அம்மா நிஜமாகவே சொன்னார். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று எந்தச் சாட்சியையும் வற்புறுத்திக் கேட்க முடியாது, சட்டத்திலேயே இடமில்லை என்றேன். முன் இருக்கையிலிருந்து ரங்கநாதன் சார் திரும்பி, "இந்த ஒரு பாயிண்டுல நாங்களும் ஒத்துக்கறோம்" என்றார். ஏகாம்பரம் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு வாய்தாவுக்கு ஜட்ஜ் விடுப்பு, அடுத்ததற்கு எதிர்த்தரப்புக்குக் காய்ச்சல், அதற்கடுத்து வக்கீல்கள் வேலைநிறுத்தம் (அதில் நானும் கோஷம் போட்டேன்). கவுன்சிலர் பதவிக்கு ஆயுள் ஐந்தே வருஷம். நாங்கள் இட்லி சாப்பிடச் சாப்பிட அது கரைந்துகொண்டிருந்தது. "ஜெயிச்சா ஒரு நாளாவது அந்த நாற்காலில உக்காருவேனாமா?" என்று கஸ்தூரி அம்மா கேட்பார். நான் டைரியைப் புரட்டி அடுத்த வாய்தாத் தேதியைச் சொல்வேன்.

மூன்றாம் வருஷம் ஏகாம்பரம் போய்விட்டார். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மளிகைக்கடைக்காரர்தான் பாடையின் முன்னால் நடந்தார். ரங்கநாதன் சாரும் வந்திருந்தார். நான் அழுதேன். கட்சிக்காரர் வீட்டுச் சாவுக்கு வக்கீல் அழலாமா என்றும் கல்லூரியில் சொல்லித்தரவில்லை. கருமாதிக்கு மறுநாள் கஸ்தூரி அம்மா என் அறைக்கு வந்தார். "கேஸ விட்டுடலாமா?" என்று நான்தான் கேட்டேன். "எதுக்கு? அந்த மனுஷன்தான் சொல்லாமயே போயிட்டாரு. கோர்ட்டாவது எதையாவது சொல்லட்டும்" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வழியாகச் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்க உத்தரவு கிடைத்தது. முத்திரை வைத்த சீட்டுக் கட்டை ஜட்ஜ் முன்னால் பிரித்தார்கள். இத்தனை வருஷத்துக்கு நிறம் மங்கிப் பழுப்பாகியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சமும் மங்கவில்லை. பட்டுக்கு ஏற்றுகிற சாயம் அல்லவா, காகிதத்திலும் அப்படியே நின்றது.

ரங்கநாதன் சாரின் வாதம் எளிமையானது. அரக்கு நிறம் இருந்தால் அவன் சாயக்காரன் என்று தெரிந்துவிடுகிறது, அதுவே அடையாளம். நான் எழுந்தேன். "யுவர் ஆனர், சட்டம் சொல்வது ஆளை அடையாளம் காட்டும் குறியை. இது தெருவைத்தான் காட்டுகிறது. அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லார் கையும் ஒரே நிறம். சீட்டில் மஞ்சள் பட்டிருந்தால் ஊரில் சமைக்கிற பெண்கள் எல்லாருடைய ஓட்டும் செல்லாதா?" ஜட்ஜ் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. என் தொழில் வாழ்க்கையில் ஜட்ஜைச் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை. கோட்டின் தோள் அன்றைக்குக் கொஞ்சம் சரியாக உட்கார்ந்தது.

வாதம் முழுவதும் நின்றது அந்த ஒரு காலில்தான். ஒரே ஒரு சீட்டை எடுத்து, இது இன்னாருடைய கை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரிந்துவிடும். ரங்கநாதன் சாருக்கும் அது தெரியும். கஸ்தூரி அம்மாவைக் கூண்டில் ஏறச் சொல்லி ஒவ்வொரு சீட்டாகக் காட்டிக் கேட்டார். "இது யார் கைன்னு சொல்ல முடியுமா?" முடியாது. "இது?" முடியாது. பாதிக் கட்டுக்கு மேல் தாண்டியிருக்கும். அடுத்த சீட்டை எடுத்தவர் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன்.

நாலு விரல் முழுசாக இருந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம். மேலே, பூட்டுச் சின்னத்தின் மீது, முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது.

அந்தக் கை உடைத்துக் கொடுத்த கடலையை நாங்கள் எல்லாரும் தின்றிருக்கிறோம். ரங்கநாதன் சார் சீட்டை மெதுவாக அம்மாவிடம் நீட்டினார். "இது?"

கஸ்தூரி அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்ததால் ஓரத்தை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "எங்க தெருவுல அன்னிக்கி எல்லார் கையும் இந்தக் கலர்தாங்க" என்றார்.

அது நான் பேசிய வாதம்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஒரு வருஷம் அனுபவமுள்ள வக்கீல்கூட விடாமல் பிடித்துக்கொள்வார். ரங்கநாதன் சார் சீட்டைத் திரும்ப வாங்கிக் கட்டில் சேர்த்தார். "வேற கேள்வி இல்லை, யுவர் ஆனர்" என்று உட்கார்ந்துவிட்டார். மீதிச் சீட்டுகளை அவர் காட்டவே இல்லை. அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு நானும் எதுவும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதற்கில்லை.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அவர் கஸ்தூரி அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வேர்க்கடலை வாங்கவில்லை. வாலாஜாபாத் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் முழங்கையைப் பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குத்தாம்மா போட்டுக்கிறாரு. வாயத் தொறந்து சொல்லாம வந்துக்கினு இருந்தாரு பாரு, இம்மாம் நாளும்."

முன் இருக்கையில் ரங்கநாதன் சாரின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறவர் போல. அவர் பேருந்தில் தூங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. எல்லா ஓட்டையும் சேர்த்து எண்ணியதில் அம்மா ஜெயித்தார். பதவிக் காலத்தில் மிச்சம் இருந்தது சில மாதங்கள்தான். அதற்குள் சாக்கடைக்கு அனுமதி வாங்கிவிட்டார். நாற்காலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "உக்காந்து பாக்கவே இல்லமா, நின்னுக்கினுதான் கத்தினேன்" என்றார். அடுத்த தேர்தலுக்கு முந்தின நாள் அந்தத் தெருவே புளியும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தடவை அவர் நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அந்தச் சீட்டைக் கோர்ட்டில் தருவார்களா, வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று. வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் போனால் சீட்டுகளை அழித்துவிடுவார்கள், அதுதான் விதி என்றேன். விசாரித்தபோது ஏற்கெனவே எரித்தாகிவிட்டது.

"அப்போ அவர ரெண்டு தடவ கொளுத்தியாச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் சாக்கடை மேல் இப்போது சிமெண்டுப் பலகை மூடியிருக்கிறது, கீழே ஒன்று ஓடுவதே பாதிப் பேருக்குத் தெரியாது. சாயம் போடுகிறவர்கள் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொள்கிறார்கள், நல்லதுதான். ரங்கநாதன் சார் போய் நாளாயிற்று. எதிரெதிர் வக்கீல்கள் இப்போது அவரவர் காரில் போகிறார்கள். சீட்டும் முத்திரையும் பெட்டியும் போய் இயந்திரம் வந்தது. போன தேர்தலில் நான் மை வழிந்த விரலோடு அதன் முன்னால் நின்றேன், பொத்தானை அழுத்தினேன், பீப் என்றது. பொத்தானைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் அழுத்தினார்களோ, அதில் யாருடைய விரலும் இல்லை.