அப்பாவுக்குச் செய்த பொத்தான்கள்

செல்போன் செயலிகளில் எந்தப் பொத்தான் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. மனுஷ மனசைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. ஊரைக் கூட்டும் அந்தக் குரல் அடியோடு போய்விட்டது. விளாங்குடி வீட்டில் கட்டிலோடு கிடந்தவருக்கு ஒரு டேப்லெட்டில் படங்கள் போட்டுக் கொடுத்தேன். சோறு, தண்ணீர், வலி, பாத்ரூம், ஃபேன். தொட்டால் என் குரல் அதைச் சொல்லும். தொட்டதற்குப் பதில் வராவிட்டால் மனிதன் கலங்கிப்போவான் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

அப்பா தண்ணீரை மட்டுமே தொட்டார். அம்மா செம்போடு ஓடுவாள். அவர் வாயைத் திறக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தண்ணீர்.

விரல் தவறுகிறது என்று நினைத்தேன். நடுங்கும் விரலுக்குச் சின்னப் பொத்தான் அகப்படாது, படங்களைப் பெரிதாக்கினேன். தேர்ந்தெடுக்க நிறைய இருந்தால் மனம் தடுமாறும், பாதிப் படங்களை நீக்கினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன்.

ஒரு நாள் அம்மா குளிக்கப் போயிருந்ததால் நானே தண்ணீர் கொண்டுபோனேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் விரல் அடங்கியது.

"தாகம் இல்லையாம்மா அவருக்கு?"

"தாகமெல்லாம் இல்ல. நான் பக்கத்துல இருக்கணும், அம்புட்டுத்தான்."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான நாள்லருந்து பக்கத்துல வந்து உக்காருன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்பத்தான் கூப்புடுறாக. அதப் போயி வெளிய சொல்லுவாகளா?"

அன்றே திரையின் நடுவில் அம்மாவின் படத்தை வைத்தேன். தொட்டால் அவள் குரலே பதில் சொல்லும்: "இந்தா வாரேங்க." முதல் முறை கேட்டபோது அப்பா கோணிய வாயோடு சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வேறு படத்தைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் டேப்லெட்டை அணைத்து வைக்க எடுத்தேன். கட்டைவிரல் பட்டுவிட்டது. "இந்தா வாரேங்க."

சமையற்கட்டில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அம்மா விறுவிறுவென்று வந்தாள். கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தோம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.