செல்லாயியின் கையில் மூன்று மில்லிமீட்டர்

மைசூருக்கு வந்த புதிதில் ஒரு சாதாரணக் கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவராஜ மொஹல்லாவில் நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரி கௌரம்மா, காலையில் நான் வெள்ளை உடுப்போடு படியிறங்கும்போது "சிஸ்டரே, திண்டி ஆய்தா?" என்று கேட்பார். பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நான் நின்று, இன்னும் இல்லை, நேற்று வாங்கிய ரொட்டி காய்ந்துவிட்டது, போகிற வழியில் வேறு வாங்க வேண்டும் என்று அரைகுறைக் கன்னடத்தில் விளக்குவேன். அதற்குள் அவர் எதிர்வீட்டுப் பெண்ணிடம் அதே கேள்விக்குப் போயிருப்பார். கௌரம்மா கெட்டவர் இல்லை. நான் காய்ச்சலில் படுத்தபோது மிளகு போட்ட சாரு, அதாவது நம் ரசம், வைத்துக் கொடுத்தவர் அவர்தான். இது கேள்வியே இல்லை, கும்பிடு போடுவது மாதிரி, "ஆய்து" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. புரிந்த பிறகும் வாய் வரவில்லை. சாப்பிடாதவள் சாப்பிட்டேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு.

நம் ஊர்ப் பக்கம் பாளையங்கோட்டையில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். மாநில எல்லைகளை மாற்றி வரைந்த மறு வருஷம் அது. டென்மார்க்கின் சுகாதார நிலையம் ஒன்றும் நம் நாட்டு நிலையம் ஒன்றும் கைகோத்துக் காசநோய்த் தடுப்பு வேலையில் இறங்கியிருந்தன. அங்கிருந்து வருபவர்கள் இங்குள்ள நாலு நர்சுகளுக்குத் தோல் பரிசோதனையை அளக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த நாலு பேர் நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நாலில் ஒருத்தி நான். தேறினால் மைசூரிலேயே நிரந்தர வேலை. தேறாவிட்டால் வந்த வழியே சென்னை ராஜ்யத்துக்கு. ஊருக்குப் போக மாட்டோமா என்று தினமும் ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, தோற்றால்தான் போக முடியும் என்ற நிலைமை. அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது இதை எழுதவில்லை.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் மிஸ் எல்சா. நெட்டையான உருவம், வெயிலில் தக்காளியாகச் சிவக்கும் மூக்கு. முன்கையில் மருந்தைக் குத்தி, மூன்றாம் நாள் அந்த இடத்துத் தடிப்பை ஒளி ஊடுருவும் சின்ன அடிக்கோலால் அளப்போம். ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தடுப்பூசி போட வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் கிருமி ஏற்கெனவே உடம்பில் புகுந்திருக்கிறது, ஊசி வேண்டாம். நான் அளந்து என் புத்தகத்தில் எழுதிய அதே கையை எல்சா மறுபடி அளந்து தன் புத்தகத்தில் எழுதுவாள். என் புத்தகத்தைப் பார்க்க மாட்டாள், தன்னுடையதையும் காட்ட மாட்டாள். சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடுவோம். முதல் வாரம் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஐந்து வருஷம் வார்டில் வேலை பார்த்தவளின் கண் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேவிட்டேன். "உன் எண்ணைப் பார்த்தால் என் கண்ணும் அதையே பார்க்கும். என் அளவுகளையும் எங்கள் ஊரில் இன்னொருத்தர் சோதிப்பார்" என்றாள். சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். எனக்குச் சமாதானமாகவில்லை, பழகிக்கொண்டேன்.

ஜீப்பில் ஊர் ஊராகப் போவோம். எல்சாவைப் பார்க்க ஊரே கூடும். அவளுக்கு இளநீர் வரும், நாற்காலி வரும். "நிம்து யாவ ஊரு?" என்று என்னையும் கேட்பார்கள். உன் ஊர் எது என்ற கேள்விக்கு நான் திருநெல்வேலிப் பக்கம் என்பேன். ஓ, தமிழ் சிஸ்டர் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி எல்சாவைப் பார்ப்பார்கள். கடல் தாண்டி வந்தவளுக்கு விருந்தாளி என்றொரு இடம் இருந்தது. பக்கத்து மாநிலத்துக்காரிக்கு எந்த இடமும் இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நாட்களில் பேச்சுத் துணைக்கு நான் கண்ணாடியைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்த எட்டாம் மாதம் கொள்ளேகாலம் தாண்டி, எல்லையிலுள்ள பாலாற்றுக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூருக்குப் போனோம். ஜீப்பை விட்டு இறங்கியதும் காதில் தமிழ் விழுந்தது. அழுகை வந்துவிட்டது. எல்சா தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டு, தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"போன வருசம் வரைக்கும் நாங்க கோயமுத்தூர் சில்லாங்க. இப்ப மைசூருங்கறாங்க. நாங்க எங்கயும் போவலீங்க" என்றாள் மாரக்காள். முப்பது வயதிருக்கும், ராகி வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். பரிசோதனை நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வயது மகள் செல்லாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தவள் அவள்தான். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நம்மூட்டுப் புள்ள மாதிரியே இருக்கற கண்ணு. சாப்பிட்டயா?" என்றாள். இல்லை என்றேன். அரைமணியில் அவள் வீட்டுத் திண்ணையில் என் முன்னால் களியும் கீரைக் குழம்பும் வந்தன. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அளக்கும்போது செல்லாயியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. இடையில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கிவிட்டார்களாம். சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளை அவள், அதற்கான வேண்டுதலுக்குக் கட்டிய காப்பு. அடிக்கோலை வைத்தேன். மூன்று மில்லிமீட்டர். ஊசி போட வேண்டும்.

மாரக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காப்புக் கட்டுன கையி கண்ணு. ஒடம்புல ஊசி எறங்குனா ஆத்தா கோவிச்சுக்குவா. நோம்பி கழியட்டும், அப்பறம் நீ எத்தன ஊசி வேணும்னாலும் போடு."

நோம்பி கழிய இன்னும் பத்து நாள். பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கும் மருந்து அதுவரை தாங்காது. மறுநாள் நாங்கள் மைசூர் திரும்பி, அங்கிருந்து வேறு ஊர். இந்த ஊருக்குத் திரும்பி வரும் திட்டமே இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கன்னட ஊர்களில் எத்தனையோ தாய்மார் கெஞ்சினார்கள், ஒருத்திக்கும் நான் மசிந்ததில்லை. இவள் என்னைக் கண்ணு என்றாள். புத்தகத்தில் ஏழு என்று எழுதினேன். ஊசி உண்டா இல்லையா என்பது முதல் அளவை வைத்தே முடிவாகும் என்பதால், இரண்டாவது மேஜையில் எல்சா அளந்த பிறகு செல்லாயி ஊசி இல்லாமலே துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து இரண்டு புத்தகங்களையும் விரித்தோம். எல்சாவின் விரல் அந்த வரியில் நின்றது. என்னுடையது ஏழு, அவளுடையது மூன்று.

"கண் களைத்துப்போயிருக்கும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆமாம் என்றிருந்தால் என் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் குறியோடு போயிருக்கும். ஆனால், ஏழு பேர் இருக்கும் அந்த வீட்டில் ஓயாமல் இருமும் மாரக்காளின் மாமனாரை நான் களி சாப்பிடும்போதே பார்த்திருந்தேன். அவருக்குப் பக்கத்தில்தான் செல்லாயி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கண் சரியாகத்தான் பார்த்தது. நான்தான் மாற்றி எழுதினேன்" என்றேன்.

எல்சா தன் புத்தகத்தை மூடிவைத்தாள். பிறகு, "உன் நாட்டுக்காரி என்பதாலா?" என்று கேட்டாள். இது என் நாடுதான், ஆனால் என் ஊர் இல்லை, அவளுக்கும் போன வருஷத்திலிருந்து இது அவள் மாநிலம் இல்லை என்று ஏதேதோ விளக்கினேன். எல்சாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நாளை புறப்படும் முன் நீயே போய் ஊசி போடு. கிழவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுது" என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் போனேன். மாரக்காள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் பொய் எழுதியதையும், மருந்து தாங்காது என்பதையும், மாமனாரின் இருமலையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சண்டை போடுவாள், போட்டால் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவள் உள்ளே போய், தூங்கும் குழந்தையைத் தூக்கி வந்து, காப்புக் கட்டாத கையை என்னிடம் நீட்டினாள். செல்லாயி ஒரு தடவை வீறிட்டாள். மாரக்காள் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நம்ம பக்கத்து ஆளுன்னு நெனச்சனுங்க. நீங்களும் மைசூர்க்காரங்கதானுங்களே" என்றாள். கதவைச் சாத்தவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

எல்சா என்னை உடனே தேற விடவில்லை. இன்னும் மூன்று ஊர்களில் அளக்கவைத்து, இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போன பிறகே கையெழுத்துப் போட்டாள். வேலை நிரந்தரமாயிற்று. அதாவது நான் ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்பது உறுதியாயிற்று.

செல்லாயிக்கு ஊசி போட்ட அன்று, அந்தச் சிற்றூரிலிருந்து மைசூர் வந்து சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. முதல்நாள் மதியத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்தான். கௌரம்மா படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "பன்னி தமிள் சிஸ்டரே, ஊட்டா ஆய்தா?" என்றார். வாருங்கள், சாப்பாடு ஆயிற்றா என்று.

"ஆய்து" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த காயை எடுத்தார். நான் மாடியேறி, கதவைத் திறந்து, வெறும் வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்தேன்.