லண்டன் தேர்தலும் எங்கட பேப்பர்க் கடையும்

ஒரு ஊரில் ஒரு பேப்பர்க் கடை இருந்ததாம். ஊர் முல்லைத்தீவு, கடை பஸ் நிலையத்துக்கு எதிரில், உள்ளே நிற்பது நான். பேப்பர் விற்கிறவனுக்கு உலகமே தெரியும் என்று சனம் நம்புது. காலமை தலைப்பை வாசித்துப் பின்னேரம் வரை குழம்புகிற நீங்களும் என் கூட்டாளிகள்தானே, அதனால் சொல்லுறன்.

மணிக்கூடு

லண்டனில் ஒரு கட்சியின் கூட்டம். ஒரு பேப்பரில் 'மக்கள் வெள்ளம்'. மற்றதில் 'ஆளில்லாத வெறும் கதிரைகள்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். மீன்பிடித்துக் கடலால் வந்த அன்ரன் அண்ணை, இடுப்புச் சாரத்தின் ஈரம் காயமுதல், இரண்டு படத்தையும் கனநேரம் பார்த்தார். மேடைக்குப் பின்னால் நின்ற மணிக்கூட்டுக் கோபுரத்தில் விரலை வைத்தார். இரண்டு படத்திலும் மணி பதினொன்று இருபது. விடியத்தொடக்கம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவேயில்லை.

"தம்பி, கூட்டம் ஒண்டுதான். ஒருத்தன் முன்னுக்கு நிண்டு எடுத்திருக்கிறான், மற்றவன் பின்னுக்கு நிண்டு."

புட்டு

அந்தத் தேர்தலில் தமிழர் ஒருவரும் நின்றார். அவருடைய அப்பப்பாவின் ஊர், அவர் காலமை சாப்பிட்ட புட்டு, எல்லாம் முதல் பக்கம். கருவாடு விற்கிற ஜெசிந்தா அக்காவின் மனுசன் அகதி வழக்கு முடியாமல் ஐந்து வருடமாய் லண்டனில் நிற்கிறார். வெல்லுற கட்சி அகதிகளை என்ன செய்யும் என்று பார்க்கச் சொன்னா அக்கா. நாலு பேப்பரையும் கடைசிப் பக்கம் வரை பிரட்டினேன். ஒரு வரி இல்லை. நானே எழுதாமல் விட்டதுபோல வெட்கமாய் இருந்தது.

"அவர் புட்டுச் சாப்பிட்டது சந்தோசம் தம்பி. என்ர மனுசனை அனுப்புவினமோ எண்டு அவரிட்டயாவது ஒருத்தர் கேட்டிருக்கலாம்."

வென்றவரின் பேச்சு

தேர்தல் முடிவு வந்தது, வென்ற கட்சியின் தலைவர் பேசினார். ஒரு பேப்பர்: 'அகதிகள் தங்கலாம்'. மற்றது: 'அகதிகள் திருப்பி அனுப்பப்படுவர்'. கடை வாசலில் நின்றவர்கள் இரண்டு பக்கமாய்ப் பிரிந்து வாதாடினார்கள். அதற்குள் ஜெசிந்தா அக்கா ஓடிவந்தா. மனுசன் இரண்டாவது தலைப்பைப் போனில் பார்த்துப் பயந்துவிட்டாராம். அன்றைக்கு அவர் அதிகாரிகளிடம் போய்க் கையெழுத்து வைக்கிற நாள். போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று போர்வைக்குள் கிடக்கிறாராம். போகாவிட்டால் வழக்கே போய்விடும்.

வென்றவர் பேசினதை அப்படியே தேடித் தா என்றா அக்கா. போனில் ஆங்கிலத்தில் கிடைத்தது. எழுத்துக்கூட்டித் தமிழாக்கினேன். தங்குவதற்கு உரிமை உள்ளவர்கள் தங்குவார்கள், இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று ஒரே வசனமாய்ச் சொல்லியிருந்தார். ஒரு பேப்பர் தலையை எடுத்தது, மற்றது வாலை. அக்கா இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா. பிறகு மனுசனுக்குப் போன் எடுத்தா. அழுவா என்று நினைத்தேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்கள் பார்த்தது அரைவாசி. மற்ற அரைவாசியில நீங்கள் இருக்கிறியள். எழும்பி வெளிக்கிடுங்கோ."

கனநேரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் கதவு சாத்துற சத்தமும் படி இறங்குற சத்தமும் கிட்ட நின்ற எனக்கும் கேட்டது. அதுவரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்ற அக்கா, கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தா.

இரண்டு பேப்பரும் மிச்சமில்லாமல் விற்றுப்போன அன்றைக்கு, முழு வசனத்தையும் கொண்டுபோன ஒரே ஆள் பேப்பர் வாங்காமல்தான் போனா.