மெழுகில் படுத்த குடல்துண்டு

நிக்கானோரா பாரியென்தோஸ், பொலிவியாவின் சூக்ரே நகர மருத்துவக் கல்லூரிக்குள் முதலில் நுழைந்தது தரை துடைக்கத்தான். அப்போது வயது பத்தொன்பது. திசுக்கூடத்தில் துடைப்பத்தைப் பிடித்தபடி பார்த்துப் பார்த்தே, குடல்துண்டை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றப் பழகினாள். இப்போது நாற்பத்தாறு.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிலைடின் மூலையில் சீவியவரின் எழுத்தைக் கீறுவதில்லை; துண்டை மெழுகில் வைத்தவரின் எழுத்தைத்தான் கீறுவார்கள். துண்டு கிடக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. சிறுகுடலை விளிம்பில் நிறுத்தி வைத்தால்தான் உள்சுவரின் உறிஞ்சிகள் விரல்விரலாக எழுந்து நிற்கும்.

பிப்ரவரியில் மரிட்சா வந்தாள். இருபத்துநாலு வயது, கொச்சபாம்பாவில் வாங்கிய பட்டயம். வந்த மாதமே அவள் வைத்துச் சாயமும் ஏற்றிய சிறுகுடல், கூடத்துத் தலைவி டாக்டர் உரியோஸ்தேயின் சொந்த நுண்ணோக்கியில் ஏறிவிட்டது. ஒன்பது வருடமாக நிக்கானோராவின் சிலைடு இருந்த இடம் அது.

"தோன்யா நிக்கா, வந்து பாருங்க. ஒரு விரல்கூட மடங்கல," என்றார் டாக்டரம்மா. வயதுக்கு மரியாதையாக அவளை எல்லாரும் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நிக்கானோரா குனிந்து பார்த்தாள். மடங்கவில்லைதான்.

"சாயம் தூக்கல். திருவிழாவுக்குக் கிளம்பின உதடு மாதிரி இருக்கு."

"உங்க கண்ணுக்கு நான் மூச்சு விட்டாக்கூடத் தூக்கல்தான்," என்று மரிட்சா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மாதக்கணக்கில் நிக்கானோராவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஆகஸ்டில், அறுவை சிகிச்சையில் எடுத்த நல்ல சிறுகுடல்துண்டு ஒன்று வந்தது. மாணவர்களின் புதுப் பெட்டிக்கு முதல் சிலைடு அதிலிருந்துதான். டாக்டரம்மா ஒரு கீற்றை ஃபார்மலினிலேயே விட்டு, மற்றதை மெழுகில் வைக்க மரிட்சாவிடம் கொடுத்தார். சீவுவதும் சாயமும் மட்டும் நிக்கானோராவுக்கு.

பத்து மணிக்கு எல்லாரும் சால்தேன்யா என்கிற கறிப்பலகாரம் தின்னக் கிளம்பினார்கள்.

"நீங்க வரல?" என்றாள் மரிட்சா.

"வயிறு சரியில்ல."

"குடலை இந்தச் சீவு சீவினா, அது கோவிச்சுக்காதா?"

கூடம் காலியானது. நிக்கானோரா மரிட்சாவின் மெழுகுக் கட்டையைச் சூட்டுத் தட்டில் உருக்கினாள். நின்றிருந்த துண்டை இடுக்கியால் படுக்கவைத்தாள். மெழுகு மறுபடி இறுகியது. இனி விரல்கள் நிற்காது. குறுக்கே வெட்டுப்பட்டு வெறும் வட்டங்களாகத் தெரியும். சீவினாள், சாயம் ஏற்றினாள், மூலையில் மரிட்சாவின் எழுத்தைக் கீறினாள். வாழ்நாளில் எந்த எழுத்தையும் அவ்வளவு அழகாகக் கீறியதில்லை.

மறுநாள் டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே வெகுநேரமானது.

"இருபது வருஷமா பசங்களுக்கு வாய் வலிக்கச் சொல்றேன். குறுக்கே வெட்டினா, உறிஞ்சி தீவு, செல்லெல்லாம் வெளிப்பக்கம். உறிஞ்சிக்கு அடியில இருக்கற குழி கிணறு, செல்லெல்லாம் உள்பக்கம். பரீட்சையில மாத்தித்தான் எழுதுவாங்க. இதுல பாரு! துண்டு சாய்ஞ்சு கிடக்கறதால இந்த ஓரத்துல தீவு, அந்த ஓரத்துல கிணறு. பெட்டியில இதுதான் முதல். எப்படித் தோணிச்சு, மரிட்சா?"

மரிட்சாவும் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "நான் இப்படி வைக்கல, டாக்டரம்மா. நிறுத்தித்தான் வெச்சேன்." நிக்கானோராவை ஒரு கணம் பார்த்தாள். "மெழுகு ஆறும்போது தானா சரிஞ்சிருக்கும்."

கெடுக்கப் பார்த்ததும் வீணாய்ப் போய், தப்பிக்க வழியும் அவளே கொடுக்கிறாள். அதோடு முதல் சிலைடும் அவளுக்கு. நிக்கானோராவால் பொறுக்க முடியவில்லை.

"மெழுகு தானா சரியாது. நான் திருப்பினேன்."

"எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"கெடுக்கத்தான்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரிட்சா, ஃபார்மலின்ல இருக்கற கீற்றை நிறுத்தி வை. அது ரெண்டாவது சிலைடு. தோன்யா நிக்கா, இனிமே அடுத்தவங்க கட்டையைத் தொட்டீங்கன்னா மறுபடி துடைப்பம்தான்."

கண்ணாடிக் கீறல் அழியாது. நிக்கானோரா மரிட்சாவின் எழுத்தைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் தன்னுடையதைப் போட்டாள். முதல் சிலைடு அப்படித்தான் பெட்டிக்குள் போனது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது தயாரானது. நிக்கானோரா ஓரம் ஓரமாகத் தேடினாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் மரிட்சா.

"இந்தத் தடவை சாயம் சரியா இருக்கு."

சாயம் ஏற்றியது நிக்கானோராதான்.